மாப்பிள்ளை பாட்டில்

ஐந்தாவது தட்டில் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. பதினொன்று இருந்தது.

முடிதிருத்துபவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். அதே பதினொன்று, நீல நிறத்தில், கடுகு கடுகாக. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும் என்பது அவர் விஷயத்தில் மட்டும் தப்பாமல் நடக்கும்.

அவருடைய சலூனின் பின்னறையில், ஷாம்பு டப்பாக்களுக்கும் துவைத்த துண்டுகளுக்கும் நடுவில் ஒரு தெர்மாகோல் பெட்டி இருக்கிறது. உள்ளே எரியும் குண்டு பல்பு பெட்டியை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும். தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து வாரம் ஒருமுறை ஆற்றில் நாலு இடத்தில் தண்ணீர் பிடித்து, தட்டுகளில் சொட்டு விட்டு, ஒரு நாள் முழுக்க அதற்குள் வைப்பார்கள். சாக்கடைக் கிருமி இருந்தால் மறுநாள் நீலப்புள்ளி எழும்பும். அந்த நாலு தட்டிலும் புள்ளி வாரிக் கொட்டியிருந்தது. அது தெரிந்த சங்கதிதான். கரையோரச் சாக்கடைக் குழாய் உடைந்திருக்கிறது என்பதுதானே அவர்கள் புகாரே.

ஐந்தாவது பாட்டில் வேறு சாதி. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை அதில் அடைத்து, ஆற்றங்கரைக்குக் கூடவே கொண்டுபோய், மற்றவற்றைப் போலவே திறந்து மூடிக் கொண்டுவர வேண்டும். அதில் புள்ளி வராவிட்டால்தான் எடுத்தவர்கள் கை சுத்தம் என்று அர்த்தம். வேலை ஒன்றும் செய்யாமல் கூடவே வந்து மரியாதை வாங்கிக்கொண்டு போவதால் அதற்கு மாப்பிள்ளை பாட்டில் என்று பெயர். பெயர் வைத்தது குழாய் வேலை செய்யும் மச்சான், அதாவது முடிதிருத்துபவர் மனைவியின் அண்ணன். யாரை மனதில் வைத்து வைத்தார் என்று கேட்கவே வேண்டாம்.

"ஆறு வாரம் விடாம அஞ்சாவது தட்டு சுத்தமா இருந்தா வாங்க. இல்லாட்டி அந்தக் கணக்கு நோட்டை நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லியிருந்தார் குடிநீர் அலுவலக அதிகாரி. போகிற போக்கில், "சவரம் பண்ற கை எடுத்த கணக்கு வேற" என்றார். கூட வந்த தெருக்காரர்கள் அதை வேடிக்கையாக எடுத்துச் சிரிக்கவில்லை, நிஜம்தானோ என்று இவர் கையைப் பார்த்தார்கள். அதுதான் இன்னும் வலித்தது.

இன்று ஆறாவது வாரம். பதினொரு மணிக்கு நோட்டைக் கொடுக்க வேண்டும். ஒன்பதுக்கு டீச்சர் வந்துவிடுவார். குழுவுக்குத் தலைவி, நோட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இருந்தாலும் கண்ணாலேயே பிரம்படி கொடுப்பவர். மணி எட்டே கால்.

தன் கைகளைப் பார்த்தார். முந்தாநாள் ராத்திரி முழுக்க மகள் வாந்தி எடுத்ததைத் துடைத்த கைகள். ஆறு வயசுக் குழந்தை, மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. பாட்டிலைத் தயார் செய்ய நேரமில்லாமல் அந்தப் பொறுப்பை மச்சானிடம் விட்டிருந்தார். திறந்து மூடியது என்னவோ இந்தக் கைதான். சோப்புப் போட்டது போதவில்லையா? அதிகாரி சொன்னது சரிதானா? வெட்கத்தில் காது சுட்டது.

எண்ணி முடித்ததும் தட்டுகளில் பிளீச்சிங் கரைசலை ஊற்றிவிடுவது வழக்கம். ஊற்றிவிட்டால் புள்ளியும் இல்லை, சாட்சியும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. பதினொரு கடுகை மறைக்கலாம். நாலு தட்டு பொய் சொல்லவில்லையே, குழாய் உடைந்தது நிஜம்தானே என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினார். நோட்டை எடுத்து, ஐந்தாவது கட்டத்தில் பேனாவால் பூஜ்யம் போட்டார். பிளீச்சிங் புட்டியின் மூடியைத் திருகினார்.

"என்ன மாப்பிள்ளை, பாஸா ஃபெயிலா?"

பின்வாசலில் மச்சான், தோளில் கருவிப் பை. முடிதிருத்துபவர் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றார்.

"வாங்க மச்சான். எல்லாம்... சரியாத்தான் இருக்கு."

"இருக்காம? நான் ரெடி பண்ண பாட்டிலாச்சே! டீச்சர்கிட்ட சொல்லிடாதீங்க, இந்தத் தடவை கொதிக்க வெக்கல. உங்க வீட்டுக் குழாயில அப்படியே பிடிச்சேன்."

"கொதிக்க வெக்கலையா?"

"பின்ன? நான் போட்ட லைன்ல வர்ற தண்ணியை நானே சந்தேகப்படணுமா? இந்தத் தெருவுக்கே நான்தான் பைப்பு இறக்கினேன். எட்டு வருஷமா ஒரு சொட்டு ஒழுகினது உண்டா?"

முடிதிருத்துபவர் புட்டியைக் கீழே வைத்தார். தட்டை எடுத்து மச்சான் முகத்துக்கு நேராக நீட்டினார்.

மச்சான் எண்ணவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. "அந்த உடைஞ்ச சாக்கடைக் குழாயை ஒட்டித்தான் நம்ம லைன் போகுது" என்றார், யாருக்கோ சொல்வதுபோல. "தோண்டுற கூலி மிச்சமாகும்னு அதே பள்ளத்துல நான்தான் போட்டேன்."

முடிதிருத்துபவர் அதற்குள் மனைவியை ஃபோனில் கூப்பிட்டுவிட்டார். "பாப்பாவுக்கு என்ன குடுத்துட்டிருக்க?"

"டாக்டர் சொன்ன மாதிரி உப்பும் சர்க்கரையும் கரைச்சுத்தான். மணிக்கு ரெண்டு டம்ளர். ஆனா போறது நிக்கவே மாட்டேங்குதுங்க."

"தண்ணி கொதிக்க வெச்சதா?"

"எதுக்கு? அண்ணன் போட்ட குழாய்த் தண்ணிதானே. இப்பதான் ஒரு டம்ளர் குடிச்சா."

ஸ்பீக்கர் போடாமலே அது மச்சானுக்குக் கேட்டது. பெரிய ஸ்பானரைப் பையிலிருந்து உருவினார்.

"குடுக்காத. குழாயைத் தொடாத. பாட்டில் தண்ணி வாங்கிட்டு வரேன், உடனே ஆஸ்பத்திரிக்குப் போறோம். பக்கத்து வீடுகள்லயும் சொல்லு" என்று முடிதிருத்துபவர் கத்தினார். பிளீச்சிங்கை ஊற்றியிருந்தால் பத்து மணிக்கும் அவள் ஒரு டம்ளர் கொடுத்திருப்பாள்.

"தெருமுனை வால்வை மூடப்போறேன்" என்றார் மச்சான். "ஆபீஸ்ல கேட்டா நான்தான் மூடினேன்னு சொல்லுங்க. நான்தான் போட்டேன்னும் சொல்லுங்க."

அவர் ஓடினார். முடிதிருத்துபவர் நோட்டைத் திறந்து, டீச்சர் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று, பூஜ்யத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் எழுதினார்: 'பதினொன்று. இது ஆற்றுத் தண்ணீர் இல்லை, எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர். பூஜ்யம் என்று முதலில் எழுதியது நான்.' கீழே கையெழுத்துப் போட்டு, தட்டை நோட்டின் மேல் வைத்துவிட்டு, கடையைப் பூட்டாமலே வீட்டுக்கு ஓடினார்.