பல்லிக்கு நேரம்

1970 ஜனவரி 1, காலை 6 மணி 45 நிமிடம். பதிவின் கடைசி வரியில் அப்படித்தான் இருந்தது. மலர்கொடி பிறந்ததே அதற்குப் பதினேழு வருஷம் கழித்துத்தான்.

அவள் செத்துப் பதினோரு நாள் ஆகிறது. இளவரசன் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இடிபாட்டிலிருந்து எடுத்து வந்த பழைய போனைக் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தான். எதிரே ஸ்டூலில் அக்கா மலர்கொடியின் புருஷன் குருநாதன்.

"என்ன மாப்ள, கிடைச்சுதா?"

"அதிர்வு இருக்குங்க மாமா. பெருசாவே இருக்கு. தேதிதான் தப்பா இருக்கு."

குருநாதன் வீட்டிலிருந்து அரை கிலோமீட்டரில் சுண்ணாம்புக்கல் சுரங்கம். வெடி வைக்க வைக்கச் சுவரில் விரிசல் நீண்டது. மனு கொடுத்தார்கள். அதிகாரிகள் ஆதாரம் கேட்டார்கள்.

இளவரசன் அரியலூரில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். கம்பெனி கைவிட்ட போன்களில் ஆண்ட்ராய்டை அழித்துவிட்டு லினக்ஸ் ஏற்றுவது அவனுக்குக் கைவந்த வேலை. அப்படி ஒரு போனின் உப்பிப்போன பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு, நேரே கரண்ட் கொடுத்து, விரிசலுக்குப் பக்கத்தில் சிமெண்டு வைத்து ஒட்டினான். போனைச் சாய்த்தால் படமும் சாய்கிறதே, அதற்கென்று உள்ளே ஒரு சில்லு உண்டு. சுவரின் ஒவ்வொரு நடுக்கத்தையும் அது நேரத்தோடு எழுதிக்கொள்ளும்.

மலர்கொடி அதற்குப் பல்லி என்று பேர் வைத்தாள்.

"ஏன்டா, என் செவுத்துல பல்லிய ஒட்டிட்டுப் போறியே, இதுக்குச் சோறும் நான்தான் வைக்கணுமா?"

"நேரம் மட்டும் சொல்லுக்கா, போதும்."

பேட்டரி இல்லாததால் கரண்ட் போனால் அதற்கு நாள் மறந்துவிடும். வந்ததும் 1970 ஜனவரி 1, காலை ஐந்தரையிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். அக்கா தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுச் சுவரோரம் இரண்டு நிமிஷம் பிடித்தால், நெட்டிலிருந்து சரியான நேரத்தை எடுத்துக்கொள்ளும். நாலு மாசம், கரண்ட் போய் வந்தபோதெல்லாம் பிடித்தாள். வேறு பேட்டரி போடுகிறேன் என்று அவனும் நாலு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். குருநாதனுக்கு இதெல்லாம் தெரியாது. விடிந்தால் டிராக்டரோடு போய்விடுகிறவர்.

சுவர் விழுந்த அன்று வெடியே வைக்கவில்லை என்றது சுரங்கம். வெடிக்கு முன்னால் ஊதும் சங்கு அன்று ஊதியது சோதனைக்காம். சுவர் மழையில் ஊறி விழுந்ததாம். ஊரில் பாதிப் பேருக்குச் சோறு அங்கேதான். ஒருவரும் சாட்சிக் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை விசாரணை.

"நீ பண்ணுன சாமான்தானே," என்றார் குருநாதன். "தேதிய மாத்திப் போடு."

"மாத்தலாங்க. யாரு வேணாலும் மாத்தலாம். அதைத்தான் அவனுங்க இஞ்சினியரும் சொல்லுவான். ஒரு வரியத் தொட்டா நாலு மாசமும் பொய்யாப் போயிரும்."

"அப்ப அவ செத்தது எழுவதாம் வருஷம்னு எழுதிக் குடுத்துரட்டுமா?"

இளவரசன் திரையைப் பார்த்தான். வேறு வழி ஒன்று இருந்தது. பதினோரு நாளாக அது அவன் சட்டைப்பையில் இருந்தது.

ஐந்தரையிலிருந்து ஆறே முக்கால். கரண்ட் வந்து ஒரு மணி பதினைந்து நிமிஷம் கழித்துச் சுவர் நடுங்கியிருக்கிறது. கரண்ட் எப்போது வந்தது என்று தெரிந்தால் வெடி எப்போது என்பதும் தெரிந்துவிடும். அது அவனுக்குத் தெரியும். 12.55. அக்கா அப்போது கூப்பிட்டிருந்தாள்.

"தம்பி, இப்பத்தான் கரண்ட் வந்துச்சு. என் போன்ல நெட்டு தீந்துபோச்சுடா. ஒரு ரீசார்ஜ் போட்டு விடு. சங்கு ஊதறதுக்குள்ள பல்லிக்கு நேரம் சொல்லணும்."

"போடுறேன்க்கா."

கடையில் ஆள் நின்றது. மறந்துபோனான்.

சங்கு ஊதினால் ஊரே வீட்டை விட்டு இறங்கி ரோட்டில் வந்து நிற்கும். பத்து நிமிஷத்தில் வெடிக்கும். பிறகு உள்ளே போவார்கள். அன்றும் எல்லாரும் இறங்கினார்கள். மலர்கொடியைச் சுவருக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். கையில் போன் இருந்தது.

அவன் தன் போனை எடுத்தான். அன்றைய தேதியின் கால் லிஸ்டைத் திறந்து மாமாவிடம் நீட்டினான்.

"இதைக் காட்டலாங்க. கரண்ட் வந்தவுடனே அக்கா எனக்குப் பேசுச்சு. பன்னெண்டு அம்பத்தஞ்சு. அதோட ஒன்னேகால் மணி நேரத்தக் கூட்டுனா ரெண்டு பத்து. இத நம்ம யாரும் மாத்த முடியாது, போன் கம்பெனியிலயும் பதிவு இருக்கும்."

குருநாதன் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். விரல் 12.55-இல் நின்றது.

"நாப்பது செகண்டு பேசியிருக்கா," என்றார்.

விரல் ஒரு வரி மேலே ஏறியது. அந்த வரி சிவப்பாக இருந்தது.

"ரெண்டு ஆறுக்கு ஒரு மிஸ்டு கால் இருக்கே மாப்ள. சங்கு ரெண்டுக்கே ஊதிருச்சு. வெளிய ஓடியாராம அவ உன்னை எதுக்குக் கூப்புட்டா?"