முப்பத்தொரு நிமிடம்

சட்டைக்குள் கை நுழையவில்லை. விறைத்திருந்தது.

"முழங்கையப் பிடிச்சு மடக்கு," என்றாள் அம்மா. மகள் மடக்கினாள். அது இறந்துபோன அப்பாவின் கை என்பதற்கு அவள் முகத்தில் எந்த அடையாளமும் இல்லை.

"ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாரு. கல்லு," என்றாள் அத்தை, சீப்பு எடுக்கப் போய்க்கொண்டே.

அப்பாவும் அப்படித்தான் கூப்பிடுவார், பெருமையாக.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஓட்டுபவரின் காதருகே திடீரென்று கத்துவார்; பதறாதவருக்குத்தான் அடுத்த பாடம். போன வருடம் மகளின் மதிப்பெண் அட்டையில் 'தன்கட்டுப்பாடு' என்ற கட்டத்தில் வகுப்பாசிரியை 'மோசம்' என்று எழுதினார். "வீட்லயும் பழக்கணும் சார்." அப்பா சமையலறை டைமரைக் கேட்டார். அம்மாவே துடைத்துக் கொடுத்தாள்.

ஒரு மணி நேரம். டைமர் அடிக்கும்வரை மகள் நாற்காலியை விட்டு எழக்கூடாது. வெளியே அப்பா தட்டைப் போட்டு உடைப்பார். "தீ! தீ!" என்பார். ஒருமுறை "நெஞ்சு வலிக்குதும்மா" என்றார். ஓடினாள். குளியலறை வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"தோத்துட்டியேடி."

அன்று அவளுக்குச் சாப்பாடு இல்லை. அடுத்த அட்டையில் 'மிக நன்று'.

அம்மா பித்தான்களைக் கீழிருந்து போட்டுக்கொண்டு வந்தாள்.

"அர மணி முன்ன கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பாராம். டாக்டர் சொல்றாரு. நேத்து நான் வெளிய போயிருந்தப்ப நீ பக்கத்து ரூம்லதான இருந்த? கூப்பிடலையா உன்ன?"

"கூப்பிட்டாரு."

"எத்தன தடவ?"

"நாலு. அப்புறம் சுவத்துல தட்டினாரு."

"நீ?"

"டைமர்ல முப்பத்தொரு நிமிஷம் பாக்கி இருந்துச்சு."

அம்மாவின் விரல்கள் நின்றன. தெருவில் யாரோ நாற்காலிகளை இறக்கினார்கள். பிறகு கழுத்துப் பித்தானையும் போட்டாள்.

"யாரு கேட்டாலும் தூங்கிட்டேன்னு சொல்லு."

வகுப்பாசிரியை மாலையோடு வந்தார். மகளின் தலையைத் தடவினார். "இந்த வயசுல என்ன நிதானம்! எல்லாம் நீங்க ரெண்டு பேரும் வளர்த்த விதம்மா."

"ஆமா," என்றாள் அம்மா.

வண்டி வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். மகளைக் காணவில்லை. உள்ளே, தன் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் டைமர் ஓடிக்கொண்டிருந்தது.

"எந்திரிடி. அப்பா கெளம்புறாரு," என்று அத்தை தோளை உலுக்கினாள். அவள் அசையவில்லை.

அம்மா வந்தாள். மகளின் முகத்தைப் பார்க்காமல் டைமரை எடுத்து, முழுக்கத் திருகி, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள்.

அது அடித்தது.

மகள் எழுந்தாள். நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவிட்டு வந்தாள்.