தகரச் சுவரில் ஒரு துளை

குப்பையைக் கூட்டி முறத்தில் அள்ளும்போதுதான் ரத்னாவின் கண்ணில் அது பட்டது. வெட்டிப்போட்ட ஒயர் துண்டுகளுக்கு நடுவே ஒரு கறுப்பு ரப்பர் வளையம். ஒரு பக்கம் பிளேடால் கீறி எடுத்திருந்தது. உள்பக்கத்தில் ஒயர்கள் அழுத்திய தடம்.

கீறியது அவள்தான். நேற்று மாலை.

முறத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தாள். அந்தச் சின்ன வளையத்துக்குப் பதிலாகப் போட வேண்டிய பெரிய வளையம், வாங்கி வந்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் அங்கேயே கிடந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரை. துலுக்காணத்தின் பச்சை அம்பாசிடர் ஷெட்டை விட்டுப் போய் ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது.

காக்களூர் தொழிற்பேட்டையில் அந்தச் சின்ன ஷெட்டை ரத்னா எடுத்து நான்கு வருஷம் ஆகிறது. அதற்கு முன் பதினோரு வருஷம் கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு ஒயர்க் கட்டு தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனி வேறு ஊருக்குப் போனபோது அவள் போகவில்லை. பழைய வண்டிகளுக்கு ஒயரிங் மாற்றித்தர ஒரு பொம்பளை இருக்கிறாள், கை சுத்தம், ஒயரை எண்ணி எண்ணிப் போடுவாள் என்று பேர் பரவியது. அப்படிக் கேள்விப்பட்டு வந்தவர்தான் பழவேற்காட்டுத் துலுக்காணம். ஏரியில் மூன்று படகு விட்டு மீன் பிடிக்கிற குடும்பம். ஐஸ் கம்பெனிக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கிய ஐம்பது வருஷத்துப் பழைய அம்பாசிடரை அவர் பிள்ளை மாதிரி வைத்திருந்தார்.

"எஞ்சின் கல்லு மாதிரி கீதும்மா. ஆனா மீட்டருல ஒரு முள்ளும் ஆடல. பெட்ரோல் இருக்குதா, சூடு ஏறிச்சா, ஒண்ணும் தெரியல. ராவுல லைட்டு போட்டா உள்ள தீஞ்ச வாசனை அடிக்குது" என்றார் வந்த அன்றைக்கு.

திறந்து பார்த்தபோது ரத்னாவே பயந்துபோனாள். துணி சுற்றிய பழங்காலத்து ஒயர்கள் தொட்டால் அப்பளமாய் நொறுங்கின. அத்தனையையும் உருவிப் போட்டுவிட்டுப் புது ஒயர்க் கட்டு கட்டினாள். இரண்டே ஃப்யூஸ் இருந்த இடத்தில் எட்டு ஃப்யூஸ் வைத்த பெட்டி. பழைய மீட்டர் போர்டின் முகம் மாறாமல் உள்ளே புது மீட்டர்கள்: வேகம், பெட்ரோல், சூடு, பேட்டரி. மூன்று வாரம் பிடித்தது.

நேற்று மாலை துலுக்காணம் போன் செய்தார். மகள் செல்வி திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாள். எட்டாம் மாதத்திலேயே பிறந்த பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்து இருபத்திரண்டு நாள் பார்த்தார்கள். நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். "என் பேத்தி நம்ம வண்டியிலதான் ஊட்டுக்கு வரணும். பின்னாடி சீட்டாண்ட போன் சார்ஜ் போட ஒரு பாயிண்ட் மட்டும் வச்சிடும்மா, செல்விக்கு ஆவும்."

அந்த ஒரு ஒயருக்காகத்தான் ரத்னா வளையத்தைக் கீறி எடுத்தாள். எஞ்சினுக்கும் உட்காருபவர் காலுக்கும் நடுவே ஒரு தகரச் சுவர் உண்டு. ஒயர்கள் எல்லாம் அதிலுள்ள ஒரு துளை வழியாகத்தான் உள்ளே வரும். தகரத்தின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அது ஒயரை அறுக்காமல் காப்பது அந்த ரப்பர் வளையம். ஒயர் ஒன்று கூடியதால் பெரிய வளையம் போட வேண்டும். போடலாம் என்று நினைத்தாள். அதற்குள் மகள் பூமிகாவுக்கு ஜுரம் என்று வீட்டிலிருந்து போன் வந்தது. போய்விட்டாள். காலையில் துலுக்காணமும் அவர் மனைவி மணியம்மாளும் பத்து மணிக்கெல்லாம் வந்து நின்றார்கள். லைட், ஹாரன், மீட்டர் எல்லாம் போட்டுக் காட்டினாள். எல்லாம் வேலை செய்தது. சாவியைக் கொடுத்துவிட்டாள்.

மற்ற ஒயர்கள் அறுந்தால் ஃப்யூஸ் போகும், அவ்வளவுதான். ஆனால் பேட்டரியிலிருந்து நேரே ஃப்யூஸ் பெட்டிக்கு வருகிற தடித்த சிவப்பு ஒயருக்கு அந்த ஃப்யூஸ் காவல் கிடையாது. அதன் தோல் அறுந்து செம்பு தகரத்தில் பட்டால் அடுத்த நிமிஷம் நெருப்பு.

துலுக்காணத்தின் நம்பரை அழுத்தினாள். சுவிட்ச் ஆஃப். மறுபடி அழுத்தினாள். சுவிட்ச் ஆஃப். மணியம்மாளிடம் போன் இல்லை. செல்வியின் நம்பர் ரத்னாவிடம் இல்லை.

பக்கத்து ஷெட்டில் லேத் ஓட்டும் ஜெரால்ட் இவள் ஓடிவந்த வேகத்தைப் பார்த்தே மிஷினை நிறுத்தினான்.

"இன்னாக்கா?"

"வண்டிய எடு ஜெரால்ட். தப்பு பண்ணிட்டேன்."

கைப்பையில் வளையம், வெட்டுக் குறடு, டேப், கையில் அகப்பட்டதை எல்லாம் அள்ளிப்போட்டுக்கொண்டு பைக்கின் பின்னால் ஏறினாள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வாட்ச்மேன் நிதானமாக யோசித்தார்.

"பச்சை அம்பாசிடரா? கைக்குழந்தை வச்சிக்கினு? அது போயி அரை மணி ஆவுதே."

தாமரைப்பாக்கம் வழியாகத்தான் போயிருப்பார், பெரியபாளையம் தாண்டி, தச்சூர், பொன்னேரி. ஜெரால்ட் முறுக்கினான். ரத்னா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை அழுத்திக்கொண்டே இருந்தாள். அதே பெண் குரல், அதே பதில். ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்திலும் பைக் குலுங்கும்போது அந்தச் சிவப்பு ஒயர் தகர விளிம்பில் ஒரு தரம் உரசுவது அவள் பல்லில் கூசியது.

"அக்கா, ஒரு நாள்ல அறுத்துடாதுக்கா. புது ஒயரு" என்றான் ஜெரால்ட், தலையைத் திருப்பாமல்.

"அறுக்காமலும் போவலாம். நீ ரோட்டப் பாரு."

வெங்கலைத் தாண்டியதும் தூரத்தில் ரோட்டோரமாகக் கறுப்புப் புகை எழும்பியது. நாலைந்து பேர் கூடி நிற்பதும் தெரிந்தது. ஜெரால்டின் தோளை ரத்னா எவ்வளவு அழுத்திப் பிடித்தாள் என்றால், அவன் "அக்கா, வலிக்குது" என்றான். கிட்டே போனால், பஞ்சர் கடைக்காரர் பழைய டயரைக் கொளுத்திக்கொண்டிருந்தார். ரத்னா மறுபடி போனை அழுத்தினாள்.

பெரியபாளையம் அம்மன் கோயில் ஆர்ச்சுக்குக் கொஞ்சம் தள்ளி, புளியமரத்தடியில் பச்சை அம்பாசிடர் நின்றிருந்தது. தீட்டு கழியாத குழந்தை என்பதால் கோயிலுக்குள் போகாமல் வெளியிலிருந்தே கும்பிட நிறுத்தியிருந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் ஹெட்லைட் இரண்டும் எரிந்தன. துலுக்காணம் யாரோ ஒரு பூக்காரரிடம் மீட்டர் போர்டைக் காட்டிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். மணியம்மாள் ரோட்டோரம் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் செல்வி, மடியில் துணிப்பொட்டலமாய்க் குழந்தை.

பைக் நிற்பதற்குள் ரத்னா குதித்துவிட்டாள்.

"அண்ணே! எஞ்சினை ஆஃப் பண்ணுங்க! செல்வி, கொயந்தைய எடுத்துக்கினு எறங்கும்மா, ஒடனே எறங்கு!"

துலுக்காணம் திகைத்தார். ரத்னா பதில் சொல்ல நிற்கவில்லை. பானெட்டைத் தூக்கினாள். பேட்டரி முனையை ஸ்பேனரால் கழற்றி ஒயரை அப்பால் மடக்கினாள்.

குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். தகரத் துளையில் சிவப்பு ஒயரின் தோல் நகக்கண் நீளத்துக்கு வழித்தெடுத்ததுபோல் இருந்தது. கடைசி மெல்லிய படலம் மட்டும் மிச்சம். அதற்கடியில் செம்பின் நிறம் மங்கலாகத் தெரிந்தது.

"இன்னா ஆச்சு தங்கச்சி?" துலுக்காணத்தின் குரல் இறங்கியிருந்தது.

கடைசி நேரத்தில் சார்ஜ் பாயிண்ட் கேட்டீர்களே, அதனால்தான் என்று ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"இங்க ஒரு ரப்பர் போடணும்ணே. நேத்து கயட்டினேன். திரும்பப் போட மறந்துட்டேன். எம்மேலதான் தப்பு. இந்த ஒயரு அறுந்திருந்தா வண்டி பத்திக்கினு இருக்கும்."

செல்வி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். இருபத்திரண்டு நாள் தூங்காத கண்கள்.

"இன்னாக்கா சொல்ற நீ? பொட்டியில வச்சி பொயைக்க வச்ச புள்ள இது. மறந்துட்டேன்னு சொல்ற?"

"ஆமாம்மா."

"நைனா, எனக்கு இந்த வண்டி வோணாம். பஸ்ல போறேன்."

"வெயில்ல, கூட்டத்துல, பச்சைப்புள்ளைய வச்சிக்கினு பஸ்லயா?" என்றாள் மணியம்மாள். துலுக்காணம் வண்டியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட ரத்னாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவரோ தாம்தான் ஏதோ தவறு செய்ததுபோல நின்றார்.

ரத்னா வேலையில் இறங்கினாள். தேய்ந்த இடத்தை வெட்டியெடுத்து, புது ஒயர் துண்டு வைத்து இணைத்தாள். பையில் கிடந்த பெரிய ஃப்யூஸ் ஒன்றைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே சிவப்பு ஒயரில் கோத்தாள். இதையும் முதலிலேயே செய்திருக்கலாம் என்று நினைத்தபோது அவள்மீதே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. புது வளையத்தில் ஒரு வெட்டுப் போட்டு, ஒயர்க் கட்டைச் சுற்றி நுழைத்து, துளையில் அழுத்தி உட்காரவைத்தாள். அதோடு விடவில்லை. மீட்டர் போர்டைக் கழற்றி, சீட்டைத் தூக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒவ்வொரு ஒயரையும் விரலால் தடவிக்கொண்டே போனாள். ஜெரால்ட் டார்ச் பிடித்தான். முக்கால் மணி நேரம். வேறெங்கும் குறையில்லை.

செல்வி மரத்தடியில் உட்கார்ந்து அத்தனையையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்னா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்ததும் கேட்டாள்.

"இப்ப சரியாயிடிச்சா?"

"சரியாயிடிச்சி."

"அப்ப நீயும் ஏறு. முன்னாடி இல்ல. என் பக்கத்துல குந்து."

ரத்னா ஏறினாள். ஜெரால்ட் பைக்கில் பின்னாலேயே வந்தான்.

பழவேற்காடு போய்ச் சேரும்வரை ரத்னா முன் சீட்டுக்கு மேலாக எட்டி மீட்டர் போர்டையே பார்த்தபடி இருந்தாள். புது ரப்பர் வாசனையைக்கூடத் தீய்ந்த வாசனையோ என்று முகர்ந்தாள். தச்சூர் கூட்டுரோட்டில் லாரிகள் அடைத்து நின்றபோது சூட்டு முள் மெல்ல ஏறியது. ஏறிக்கொண்டே போனது. துலுக்காணம் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். "டிராபிக்ல ஏறும்ணே. நவுந்தா எறங்கும்" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, வண்டி நகர்ந்து முள் இறங்கும்வரை அவள் இமைக்கவில்லை. செல்வியும்தான்.

பொன்னேரி தாண்டியதும் காற்றில் உப்பு வாசனை வந்தது. குழந்தை விழித்துச் சிணுங்கியது. செல்வி பால் கொடுத்துவிட்டு, முந்தானையைச் சரி செய்ய ஒரு கை போதாமல் பக்கத்தில் பார்த்தாள். "புடி."

"கையில கிரீஸும்மா."

"துணி மேல புடி."

ரத்னா பிடித்தாள். ஒரு வளர்ந்த கோழியின் கனம்கூட இல்லை. மேடுபள்ளம் வரும்போதெல்லாம் கைகளைத் தளர்த்தி, அதிர்ச்சி குழந்தைக்குப் போகாமல் தன் தோளில் வாங்கிக்கொண்டாள். திருப்பி வாங்கிக்கொள்ளச் செல்வி அவசரப்படவில்லை. ஆனால் ஒரு விரலைக் குழந்தையின் காலிலிருந்து எடுக்கவும் இல்லை.

வீட்டு வாசலில் ஆரத்தி சுற்றி உள்ளே அழைத்தார்கள். மணியம்மாள் ரத்னாவுக்கும் ஜெரால்டுக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். துலுக்காணம் வண்டியைச் சுற்றி வந்து பானெட்டின் மேல் கையை வைத்துச் சூடு பார்த்தார்.

கிளம்பும்போது செல்வி வாசல்வரை வந்தாள்.

"நீ வராமலே இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

ரத்னா கொஞ்சம் யோசித்தாள். "இன்னிக்கு ஒண்ணும் ஆவாமலும் இருந்திருக்கலாம். வூடு வந்து சேந்தும் இருக்கலாம். இன்னிக்கு இல்லன்னா என்னிக்கோ ஒரு நாள் ஆயிருக்கும்."

"அன்னிக்கு உம்பேரு வெளிய வந்திருக்காது, இல்ல?"

"வந்திருக்காது. பழைய வண்டின்னு சொல்லியிருப்பாங்க."

செல்வி தலையசைத்தாள். அவள் முகத்தில் கோபம் போகவில்லை. "நைனா இந்த வண்டிய உடமாட்டாரு. அடுத்த மாசம் புள்ளைக்கு எடை பாக்க ஆஸ்பத்திரிக்கு வரணும். மொத நாளே நீ இங்க வந்து முழுசா பாத்துடு. நீ பாக்காத வண்டியில நா ஏறமாட்டேன்."

"வரேம்மா" என்றாள் ரத்னா.

பைக்கில் ஏறி உட்கார்ந்தபின், ஊர் எல்லை தாண்டி ஏரித் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற இடம் வந்ததும், வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி ரோட்டோரம் குந்தினாள். ஜெரால்ட் மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டான். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பூமிகாவுக்கு ஜுரம் எப்படி இருக்கிறது என்று கேட்க வீட்டுக்குப் போன் போட்டாள்.