தலைமாட்டுக்கு ஆள் வேண்டும்

மருத்துவ உலகம் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது: நெப்ராஸ்காவில், சோளக்காடுகளுக்கு நடுவே கிடக்கும் எங்கள் ஊரைச் சேர்ந்த நர்ஸ் டார்லின் கிருபிச்கா, நாற்பத்தேழு வயதில், மயக்க மருந்து கொடுக்கப் படிக்கக் கல்லூரிக்குப் போகிறார்.

ஊர் சும்மா விடுமா? தேவாலயக் கூடத்தில் விருந்து வைத்தோம். மேஜை அகலத்துக்கு ஒரு கேக்; அதன்மேல் நீல க்ரீமில் ‘எல்லாரையும் நல்லாத் தூங்க வைங்க’ என்று எழுதியிருந்தது. பாதிரியார் வாழ்த்தி ஜெபித்தார். அதிலேயே இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள்.

ஐசியூவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர் டார்லின். தலைமை நர்ஸ் பதவியை விட்டுவிட்டுத்தான் கிளம்பினார். அந்த நாற்காலியில் மறுநாளே வேறொருத்தி உட்கார்ந்து உயரத்தைக்கூட மாற்றிவிட்டாள். இனித் திரும்பி வர இடமில்லை. கேக்கையும் ஊர் தின்று தீர்த்தாயிற்று.

கல்லூரியில் இயக்குநர் டாக்டர் ப்ரென்டிஸ் வெக்ஸ்கம் முதல் நாளே முழங்கினார்.

“வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவுல நிக்கிற கடைசிக் காவல் நாமதான். நாம யாரையும் கூப்பிடறதில்ல. நம்மளத்தான் கூப்பிடுவாங்க!”

பாதிப் பேர் அதை எழுதிக்கொண்டார்கள். மீதிப் பேர் போனில் பதிவு செய்தார்கள்.

செய்முறைத் தேர்வுக்கு ஒரு ரப்பர் நோயாளி உண்டு. நெஞ்சு ஏறி இறங்கும், கண் சிமிட்டும், வேளை வந்தால் சாகவும் செய்யும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெக்ஸ்கம் கணினியோடு எமனைப் போல உட்கார்ந்திருந்தார். ஒரு விசையைத் தட்டினார். பொம்மைக்கு ஆக்சிஜன் சரசரவென்று இறங்கி, மானிட்டரில் அலாரம் அலறியது. தலைமாட்டில் நின்ற டார்லின், ஐசியூவில் இதே சத்தம் கேட்டபோதெல்லாம் செய்ததைச் செய்தார்.

“மயக்க மருந்து ஆளைக் கூப்பிடுங்க! சீக்கிரம்!”

கத்தியதோடு நிற்கவில்லை. வருகிறவருக்கு இடம் விட்டு, மரியாதையாகத் தள்ளியும் நின்றுகொண்டார்.

யாரும் வரவில்லை. உதவிக்கு நின்ற சக மாணவி கெய்லின் மெல்லச் சொன்னாள்: “டார்லின்... அது நீங்கதான்.”

அதற்குள் பொம்மை செத்துவிட்டது.

அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு. அதிலும் செத்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த வாரம் முழுக்க அவர் கணவர் டுவெய்ன்தான் நோயாளி. சோபாவில் படுத்து கால்பந்து பார்ப்பார். டார்லின் தலைமாட்டில் நின்று அவர் தாடையைத் தூக்கிப் பிடித்திருப்பார்.

“ஏய், ஆட்டம் தெரியல. கொஞ்சம் தள்ளு.”

“தள்ள மாட்டேன். தள்ளினதாலதான் ஃபெயிலானேன்.”

“மூச்சு முட்டுதுடி!”

“மூச்செல்லாம் நல்லாத்தான் வருது. பேச்சுதான் நிக்க மாட்டேங்குது.”

“அப்ப சிப்ஸாவது தின்ன விடு.”

“அறுவை சிகிச்சைக்கு முன்னாடி எதுவும் தின்னக்கூடாது.”

மறுதேர்வு நாள் வந்தது. விசை தட்டப்பட்டது, ஆக்சிஜன் இறங்கியது, டார்லினுக்குத் தானாக வாய் திறந்தது. பல்லைக் கடித்து மூடிக்கொண்டார். ஒரு கையால் தாடையைத் தூக்கி முகமூடியை அழுத்திப் பிடித்தார். மறு கையால் காற்றுப்பையை அமுக்கினார். திரையில் எண் ஏற ஆரம்பித்தது.

திடீரென்று திரை இருண்டது. நெஞ்சு நின்றது. ஒரு கண் பாதி மூடியபடி உறைந்தது.

வெக்ஸ்கம் உள்ளே ஓடி வந்தார். ஒரு பொத்தானை அழுத்தினார், இன்னொன்றை அழுத்தினார், நெஞ்சில் ரெண்டு தட்டுத் தட்டினார். பிறகு,

“டெக்னீஷியனைக் கூப்பிடுங்க! சீக்கிரம்!” என்று கத்திவிட்டு, வருகிறவருக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றார்.

கெய்லின் கேட்டாள்: “டாக்டர், நாம யாரையும் கூப்பிடறதில்லன்னு...”

“நீ சும்மா இரும்மா.”

டார்லின் மட்டும் தலைமாட்டை விட்டு நகரவில்லை. பையை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

“விடுங்க டார்லின், அது அணைஞ்சு போச்சு.”

“மாட்டேன் டாக்டர். விட்டா ஃபெயிலாக்கிருவீங்க.”

டெக்னீஷியன் லைல், பாதி சாண்ட்விச்சோடு நிதானமாக வந்தார். மென்றபடியே குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். தரையில் கிடந்த ஒரு ஒயரை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

வெக்ஸ்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நோயாளியைக் கடைசி வரைக்கும் கைவிடாத ஒரு காவலாளியை இன்னைக்கு நாம பார்த்தோம். பாஸ்!” என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கெய்லினுக்குக் கண் கலங்கியது.

பொம்மைக்குச் சார்ஜ் போட மறந்திருந்தார்கள்.