தொடக்கூடாத பொட்டலம்

தைவானில் பாதிப் பேருடைய செல்போனுக்குள் ஷின்ஜூ நகரத்து நிறுவனம் ஒன்றின் சிப்தான் ஓடுகிறது. அந்தப் பெருமையில் அவர்கள் அலட்டுகிற அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் செல்போனை விட்டு ஓர் அடி வெளியே வைத்தால் வழுக்கி விழுவார்கள். கார் சிப் செய்தார்கள். வெயிலில் நின்ற கார் கிளம்ப மறுத்தது. டிவி சிப் செய்தார்கள், வாங்க ஆளில்லை. அடுத்ததாகக் காது மந்தமானவர்கள் மாட்டும் காதுக் கருவிக்குச் சிப் செய்யும் வேலை இன்ஜினியர் ஃபான் யூசிங்கின் தலையில் விழுந்தது.

அவளும் செல்போன் சிப்பிலேயே ஊறியவள். வேகம், இன்னும் வேகம் என்று பழகிய கை. காதுக்குள் வைக்கிற பொருளிலும் அதே வேகத்தைத் திணித்தாள். காலையில் மாட்டினால் மதியச் சாப்பாட்டுக்குள் பேட்டரி தீர்ந்துவிடும்.

இன்று தெற்கே தைனான் நகரிலிருந்து குவோ வந்திருந்தார். ஊர் ஊராகக் கடை போட்டுக் காதுக் கருவி விற்பவர். தானும் இரண்டு காதிலும் மாட்டியிருப்பவர். அவர் வேண்டாமென்றால் இந்தப் பிரிவையே மூடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது.

குவோ தன் கருவியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பேசிப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா கேக்குது. என்னோட பழசும் இப்படித்தான் கேக்கும். ஆனா அது வாரக்கணக்கா ஓடும். உன்னுது மத்தியானமே மண்டையைப் போட்டுடுமாமே?"

"சரி பண்ணிடுவோம் சார்" என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

"போன்காரங்களுக்கு எதுக்கும்மா காது வேலை? போகட்டும், பசிக்குது" என்றபடி சோதனை இயந்திரத்தின் மேலிருந்த பச்சைப் பொட்டலத்தை எடுத்தார்.

தேங்காய் மணக்கும் சோளப்பொரி அது. இயந்திரம் சமர்த்தாக ஓட வேண்டுமென்று அதன் மேல் வைப்பது அந்த ஊர் நம்பிக்கை. பொட்டலத்தில் போட்ட தேதி முடியும்வரை யாரும் தொடக்கூடாது. கார் சிப் கவிழ்ந்ததே யாரோ பச்சைக்குப் பதில் மஞ்சள் பொட்டலம் வைத்ததால்தான் என்று சத்தியம் செய்கிற இன்ஜினியர்கள் அங்கே உண்டு. படிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

குவோ பொட்டலத்தைச் சரசரவென்று கிழித்து வாயில் போட்டுக்கொண்டார். யூசிங்கின் உதவியாளன் யாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, போச்சு. எல்லாம் போச்சு" என்று முனகினான்.

குவோ மெல்லுவதை நிறுத்தினார். பொட்டலத்தைக் காதருகே கொண்டுபோய்க் கசக்கினார். மறுபடி கசக்கினார்.

"என்னம்மா இது? கருவி மாட்டின நாள்லேர்ந்து அதைக் கழட்டாம நான் ஒரு பொட்டலம் பிரிச்சதில்ல. காதுல ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். பேரன் மிட்டாய் பிரிச்சாலே கழட்டி வெச்சுடுவேன். இன்னிக்குப் பசியில மறந்துட்டேன், ஆனா ஒண்ணும் குத்தலியே!"

யூசிங்குக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அந்தக் கூர்மையான சத்தம் காதை எட்டுமுன் சிப் அதைப் பிடித்து அமுக்கியிருக்கிறது. இதுவரை எல்லோரும் திட்டிய அதே வேகம். சோதனையில் பேச்சை மட்டுமே போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தோன்றவே இல்லை.

"வேகத்தால வர்றது சார். பேட்டரிக்காக அதைக் குறைச்சா இது போயிடும்."

"அப்பக் குறைக்காதே. படுக்கப்போற வரைக்கும் ஓடினாப் போதும், ராத்திரி சார்ஜ் போட்டுக்கறேன். போன்காரங்களுக்கு அதாவது தெரியும்ல?"

"தெரியும் சார்" என்று சிரித்தாள். இன்னும் பாதி நாளுக்குப் பேட்டரியை இழுக்க வேண்டும். அது அவளுக்குத் தெரிந்த வேலை.

"இன்னொண்ணு இருக்கா? இது தீந்துபோச்சு."

யாவ் கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்து இயந்திரத்தின் மேலிருந்த பொட்டலத்தை யூசிங்கே எடுத்து நீட்டினாள்.