ஏஞ்சலம்மாளின் முதல் கியர்

1.

இந்தக் கதைக்கு முதல் ஒரு சத்தம். பம்பாயில், சயானில் நின்றபோது பின்னால் டாக்ஸி வருகிற சத்தம் கேட்டுக் கையை நீட்டினேன். வந்தது டாக்ஸி அல்ல. கூரையில்லாத, இரண்டே இருக்கை உள்ள சிவப்பு இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டுவது யாரென்று பார்ப்பதற்குள் டபுள் டெக்கர் பஸ் குறுக்கே வந்துவிட்டது. நான் பார்த்தது இவ்வளவே. இனி வருவதெல்லாம் நானாகச் சேர்த்தது. கடிதம் எழுதியே பழகியவன் நான். விஷயத்தை வரிசையாக எழுதிவிட்டால் மனம் அடங்கிவிடும். இதில் அடங்கவில்லை.

2.

"1964, தாராவியில் மழை விடாமல்..." வேண்டாம். மழையில் தொடங்கினால் கடைசிவரை எல்லாரையும் நனைக்க வேண்டும்.

"சிவப்பு என்பது ஒரு நிறமல்ல, அது..." இதுவும் வேண்டாம். நிறம்தான்.

விவரத்தையே சொல்கிறேன். ஏஞ்சலம்மாள் செம்பூரில் அண்ணன் ஞானசேகரன் வீட்டில் இருக்கிறாள். கோட்டைப் பகுதியில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோ. துரை சீமைக்குத் திரும்பும்போது, எஞ்சின் விரிசல் விட்டுக் கிடந்த தன் சிவப்புக் காரை அவளிடம் விட்டுப்போனார். சீமைச் சாமான் இறக்க வழியில்லாத காலம். தாராவியில் பட்டறை வைத்திருக்கும் மேலப்பாளையத்து அப்துல் ரவூப், லாரி மோதி நசுங்கிய ஒரு டாக்ஸியின் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் கழற்றி அதில் ஏற்றினார். டாக்ஸிக்குக் கியர்க் கம்பி ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும். ஏஞ்சலம்மாளோ, பழையபடி தரையிலிருந்துதான் வர வேண்டும் என்றாள். ரவூப் கம்பிகளைத் திருப்பி, வளைத்து, தரைக்குக் கொண்டுவந்தார்.

(அவளுக்கு வயது போடவில்லை. முப்பத்திரண்டு என்றால் 'ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை' என்பீர்கள். கதை காரை விட்டு இறங்கி அந்தப் பக்கம் போய்விடும்.)

3.

முதல் ஓட்டம். கியரைப் போட்டுக் கிளட்சை விட்டாள். கார் பின்னால் பாய்ந்து தண்ணீர் டிரம்மை நசுக்கியது.

"எக்கா, ரிவர்சைப் போட்டுட்டியளே!" என்றார் ரவூப்.

"ஃபர்ஸ்ட்தான போட்டேன், பாய்?"

"பதட்டத்துல கை மாறிப்போச்சு ஒங்களுக்கு."

பட்டறை முழுக்கச் சிரித்தது. கூட வந்திருந்த அண்ணன் ஞானசேகரனுக்கு வசதியாகப் போயிற்று. "நான் அப்பமே சொன்னேம்லா? ஒனக்கு ரயில் இல்லியா, பஸ் இல்லியா? நாளைக்கு இந்தச் சந்துலேருந்து மெயின் ரோடு வரைக்கும் ஓட்டிக் காட்டு. எங்கயாவது இடிச்சியோ, அம்புட்டுதான், வெல கேட்டுட்டிருக்க மாட்டுங்கா மகாதேவன் சாருக்குக் காரை வித்துருவேன்."

ஏஞ்சலம்மாள் ஒப்புக்கொண்டாள். மன்னிப்பும் கேட்டாள். விட்டால் டிரம்மிடமும் கேட்டிருப்பாள்.

4.

மறுநாள் காலை, யாரும் வருமுன், ரவூப் பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஓட்டி, முதல் கியரைப் போட்டார். சக்கரம் பின்னால் சுற்றியது. அவர் மனைவி சபுராவும் பார்த்துவிட்டாள்.

"அப்பம் அந்தப் பிள்ள சரியாத்தான் போட்டிருக்கா."

"மெதுவாப் பேசு."

"வந்தவொடன சொல்லிருங்க."

"அம்புட்டுப் பேரு முன்னால அவ மேல பழியப் போட்டாச்சு. இனி மாத்திச் சொன்னேம்னா எந்த டாக்ஸிக்காரன் நம்ம வாசலுக்கு வருவான்?"

"பழியப் போட்ட வாய்தான? அதுவே சொல்லட்டும்."

(இந்த இடத்தில் ரவூப்பை வில்லனாக்கி நாலு வரி எழுதி, அடித்துவிட்டேன். கம்பியைத் திருப்பினால் கியர் வரிசையும் திரும்பும் என்பதை மறந்த மனிதர், அவ்வளவுதான். சரிசெய்ய ஒரு பகல் வேண்டும். அதற்குள் வாசலில் எல்லாரும் வந்து நிற்கிறார்கள்.)

5.

முடிவுகள்:

அ) ரவூப் உண்மையைச் சொல்லிவிடுகிறார். எழுதிப் பார்த்தேன். எல்லாரும் டீ குடித்தார்கள். ரவூப் நல்லவராகிவிட்டார், ஏஞ்சலம்மாள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஆ) மறுபடி பின்னால் போய் இடிக்கிறாள். கார் மகாதேவன்... இல்லை, எழுதக் கை வரவில்லை.

இ) நானே போய் அவள் காதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சந்தில் என்னை யாருக்கும் தெரியாது.

இதை எழுதும்போதுதான் ஒன்று பிடிபட்டது. நேற்றுத் தன் கை எங்கே போனது என்று அவளுக்குத் தெரியுமே! ரவூப் சொன்னதை நம்பினால் இன்றும் அதே இடத்தில் போடுவாள். கார் பின்னால் போகும். தன் கையை நம்பினால், கோளாறு கம்பியில்தான் என்று தீர்மானித்து எதிர்ப் பக்கம் போடுவாள். கார் முன்னால் போகும்.

6.

ஏஞ்சலம்மாள் ஏறி உட்கார்ந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகுகிறாள். எஞ்சின் ஓடுகிறது.

"கிளட்ச்சை மெள்ள விடுங்கோ. பெயிண்ட் போயிடப்போறது," என்கிறார் மகாதேவன், இப்போதே தன் கார் போல.

"ஏட்டி, பேசாம இறங்கிருதியா?" இது அண்ணன்.

சபுரா புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரவூப் ஓரடி முன்னால் வருகிறார்.

"எக்கா..."

"என்ன பாய்?"

"ஒண்ணுமில்ல. நேத்து..."

ஏஞ்சலம்மாள் அவரை நிமிர்ந்து பார்க்கிறாள். நன்றாகவே பார்க்கிறாள். அவள் கை கியர்க் கம்பியின் மேல் இருக்கிறது. "நேத்து என்ன, பாய்?"

ரவூப்

(இதற்குமேல் நான் எழுத மாட்டேன். அவர் வாயில் ஒரு சொல்லை வைத்தாலும் அவள் கையை நான் பிடித்துத் தள்ளியதாகிவிடும்.)

கியர் விழுந்துவிட்டது. எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை. கிளட்ச் மேலே வந்துகொண்டிருக்கிறது. நீங்கள் காருக்கு முன்னால் நிற்கிறீர்களா, பின்னால் நிற்கிறீர்களா? சந்து குறுகல். சீக்கிரம் ஒரு பக்கம் ஒதுங்குங்கள்.