கட்டாயச் சாட்சி

தையல் ஆலையின் பின்கதவைப் பூட்டியது என் அண்ணன். அங்கே அவன்தான் சூப்பர்வைசர். துணி திருடு போகிறதாம், அதனால் பூட்டு. பூட்டியதைப் பார்த்தது நான் ஒருத்திதான். அன்று மதியமே தீப்பிடித்தது. என்னோடு இஸ்திரி போடும் தோழிக்கு இரண்டு கையும் வெந்துபோயின. கதவு திறந்துதான் இருந்தது என்று அண்ணன் சாதித்துவிட்டான். அவள் ஆலைமேல் வழக்குப் போட்டாள்.

அண்ணன், அண்ணி, அம்மா, நான் எல்லோரும் ஒரே வீடு. வேலை அவன் வாங்கிக்கொடுத்தது, சோறும் அவன் போடுவது. "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணா இந்த வாசப்படிய மிதிக்காத," என்றாள் அம்மா. எனக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

யாருக்கும் தெரியாமல் தோழியின் வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன்.

"கோர்ட்லேர்ந்து அழைப்பாணை வாங்கலாம். இங்கிலீஷ்ல சப்பீனாம்பாங்க. லத்தீன் வார்த்தை, 'தண்டனைக்கு உட்பட்டு'ன்னு அர்த்தம். அந்தக் காலத்து ஆணையில அப்படித்தான் எழுதியிருக்கும், அதுவே பேராயிடுச்சு. வரலன்னா தண்டனை."

"அப்ப நானா வந்தேன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல?"

"முடியாது."

"எனக்கு ஒண்ணு அனுப்புங்கம்மா."

தாள் வீட்டுக்கு வந்தது. எனக்கு நடிக்க வரும் என்று அன்றுதான் தெரிந்தது. அம்மா கோர்ட்டைச் சபித்தாள். அண்ணி தண்ணீர் கொடுத்தாள். "நீ என்னம்மா பண்ணுவ? போ. பாக்கலன்னு மட்டும் சொல்லிடு," என்றான் அண்ணன். யாராவது என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் மூச்சு விட்டிருப்பேன். எல்லோரும் என்னைத் தாங்கினார்கள்.

கூண்டில் சத்தியம் செய்து, பூட்டியதைப் பார்த்தேன் என்றேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். ஆலை வக்கீல் எழுந்தார்.

"இந்த ஆணை உங்களைக் கட்டாயப்படுத்தி வந்ததா, நீங்களே கேட்டு வாங்கினதா?"

"கட்டாயப்படுத்தினாங்கய்யா," அம்மா பெஞ்சிலிருந்தே சொன்னாள். "எம்பொண்ணு தானா வருவாளா?"

நீதிபதி அவளை அடக்கினார். கட்டாயம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு மிஞ்சும். ஆனால் அது பொய். இதில் பொய் சொன்னால் நான் சொன்ன கதவும் பொய்யாகும். கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு தோழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல்கூடக் கோபம் வந்தது.

"நான்தான் கேட்டு வாங்கினேன்."

அதுவரை என் பையைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, அதைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.